நேரங்காலம் தெரியாத மீன்

அந்த ஜூன் மாதம் முழுக்க ஊரில் என்னைப் பற்றி ஒரே பேச்சுதான். இசோவுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை, புருஷன் கடலோடு போய் ஐம்பது நாளாகிறது, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா பார். பேசிவிட்டுப் போகட்டும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அதோடு அவர்கள் சொன்னதில் பொய்யும் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. அழுகை மட்டுமா, பசி வரவில்லை, தூக்கம் வரவில்லை, கோபம்கூட வரவில்லை. மீன் அறுக்கும்போது கத்தி விரலைக் கீறினால், பலகையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் கீறியதே தெரிந்தது.

கூட்டுறவுச் சங்கத்தின் மீன் கொட்டகையில் எனக்கு வேலை. எங்கள் வடகடல் முனையில் ஜூன் என்றால் பனிமூட்டம். பகல் பதினோரு மணிக்கும் விளக்கு எரியும், அடுப்பு எரியும். நாங்கள் பதினோரு பெண்கள் இரண்டு வரிசையாக நின்று டோக்கிஷிராசு மீன்களின் வயிறுகளைக் கீறிக்கொண்டிருந்தோம். நெல் விளையும் உள்நாட்டிலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் என் எதிரில் நின்றாள். ஒரு மீனைக் கீறினாள், உள்ளே விரலை விட்டுத் துழாவினாள், முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, இதுல சினையே இல்லையே! நல்ல மீன்தானா?"

கொட்டகையே சிரித்தது. என் பக்கத்தில் நின்ற மத்சுயேவுக்கு வாய் கொஞ்சம் நீளம், வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அடி அசடே, சினை இருக்கறது இலை உதிர்ற காலத்துல வர்ற சால்மன். அது நாள் பார்த்து, தான் பொறந்த ஆத்தைத் தேடி வந்து, முட்டை போட்டுட்டுச் செத்துப் போவும். இதுவும் அதே சாதிதான். ஆனா பாரு, வேலை வெட்டி இல்லாம இப்ப வந்து நிக்குது. ஆத்துக்குள்ள போவாது, முட்டையும் போடாது. வயித்துல கொழுப்புதான். அதான் நம்ம தாத்தனுங்க பேரு வெச்சாங்க டோக்கிஷிராசுன்னு. நேரங்காலம் தெரியாதது. நம்ம இசோ வீட்டுக்காரரு மாதிரி..."

அவ்வளவுதான், நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதினோரு கத்தியும் நின்றன.

"ஏன் நிறுத்திட்டே, சொல்லு," என்றேன். "ஊருக்கே தெரிஞ்ச கதைதானே."

ஊருக்கே தெரிந்ததுதான். என் வீட்டுக்காரர் தோமேகிச்சிக்குப் பட்டப்பெயரே டோக்கி. எங்கள் கல்யாணத்தன்று காலையில் வலை கிழிந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டதும் போய்விட்டார். திரும்பி வந்தபோது விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்துச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "மாப்பிள்ளை, நேரங்காலம் தெரியாம வந்து நிக்கறியே, அடுத்த கல்யாணத்துக்காவது சீக்கிரம் வா," என்று என் பெரியப்பா சொன்னார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. அந்த மனிதருக்குக் கோபித்துக்கொள்ளவும் நேரத்தோடு வராது.

ஒரு வருடம் மீன்வளத் துறையிலிருந்து வந்த கண்ணாடிக்காரர் ஒருவர் வேறு மாதிரி சொன்னார். டோக்கிஷிராசு எங்கள் ஆறுகளின் மீனே இல்லையாம். கடலுக்கு அந்தப்பக்கம் ரஷ்யர்கள் நாட்டில் பெரிய ஆறு ஒன்று இருக்கிறது, அதில் பிறந்ததாம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் எங்கள் கரையோரம் இரை தின்றுகொண்டே போகிறது. போய்ச் சேர வேண்டிய நாளுக்குச் சரியாகப் போய்ச் சேரும், நடுவில் நீங்கள் வலை கட்டி வைத்திருக்கிறீர்கள் என்றார். எங்கே போகிறது என்று தாத்தாக்களுக்குத் தெரியவில்லை, பழியை மீன் மேல் போட்டுவிட்டார்கள். இதை நான் அன்று கொட்டகையில் சொன்னபோது மத்சுயே, "ஆமா, அந்தக் கண்ணாடிக்காரன் கூடவே நீந்திப் போய்ப் பார்த்துட்டு வந்தானாக்கும்," என்றாள். எல்லோரும் மறுபடி கத்தியை எடுத்தார்கள்.

ஏப்ரலில் நடந்தது இதுதான். என் தம்பி ஷிகேஜிக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் பக்கத்து மீன்பிடித் துறையிலிருந்து வருகிறார்கள். நிச்சயத்துக்குச் சிவப்பு மீன் வைக்க வேண்டும், முழு மீன், வாலும் தலையும் சிதையாமல். ஒரு வாரமாகக் காற்று, யாரும் கடலுக்குப் போகவில்லை, சந்தையிலும் இல்லை. அவரை நான்தான் அனுப்பினேன். சின்னப் படகில் தனியாகப் போனார். மறுநாள் படகு கவிழ்ந்து கரைக்கு வந்தது. அவர் வரவில்லை.

நிச்சயதார்த்தம் நின்றுபோனது. வீட்டில் புத்தர் மாடத்தில் அவர் படம் வைக்க முடியாது, உடம்பு கிடைக்கவில்லையே. அஸ்தி இல்லை, பானை இல்லை, நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு இல்லை. தூரம் போனவருக்கு வைப்பதுபோல் தினமும் அவர் கிண்ணத்தில் சோறு போட்டு மூடி வைத்தேன். மூடியின் உள்பக்கம் வேர்த்திருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தமாம். தினமும் வேர்த்திருந்தது. சுடுசோற்றை மூடினால் வேர்க்காமல் என்ன செய்யும்! எனக்கு அவர் உயிரோடு வருவார் என்ற எண்ணமெல்லாம் இல்லை. எலும்பாகவாவது வீட்டுக்கு வர வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

மத்சுயே நாக்கைக் கடித்துக்கொண்ட அன்றைக்கே, சாயங்காலம், ஷிகேஜி வீட்டுக்கு வந்தான். அவன் ஓனோதேராவின் படகில் வேலை பார்க்கிறான். கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுக் கட்டியிருக்கும் பெரிய நிலைவலை ஓனோதேராவுடையது. ஏழு பேர் தினமும் விடியலில் போய் அதை இழுப்பார்கள். தம்பி கையில் ஒரு டோக்கிஷிராசு இருந்தது. அந்தப் பருவத்தில் அவ்வளவு பெரியதை நான் கொட்டகையில்கூடப் பார்க்கவில்லை.

"எதுக்குடா இது? நான் இப்பல்லாம் மீன் திங்கறதில்லன்னு தெரியுமில்ல?"

அவன் பூட்ஸைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தான். மீனை மடியில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, மாமாவைப் பார்த்தேன்."

"எங்க?"

"வலைகிட்ட. இன்னிக்கு விடியல்ல. மிதவை வரிசையில சாஞ்ச மாதிரி இருந்தாரு. குப்புற. அந்த ஸ்வெட்டர்தான்கா. முழங்கையில நீ சிவப்பு நூல்ல தெச்சிருந்தியே, அது."

நான் அடுப்பில் இருந்த கெட்டிலை இறக்கி வைத்தேன். ஏன் இறக்கினேன் என்று தெரியவில்லை. "எங்க வெச்சிருக்கீங்க? சங்கத்துலயா?"

அவன் மடியில் இருந்த மீனின் செதிலைச் சுரண்டினான். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கடலில் மிதந்து வரும் உடலைப் பிணம் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். எபிசு என்பார்கள். எபிசு மீன் கொடுக்கிற சாமி. பார்த்தும் விட்டுவிட்டுப் போவது பாவம்; கேட்காமல் தொடுவது அதைவிடப் பாவம். படகின் தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும்: எங்களுக்கு மீன் தருவீங்களா, தந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். படகில் வேறொருவர் செத்தவரின் வாயாக நின்று "தர்றேன்" என்று சொல்ல வேண்டும். சொந்தக்காரன் படகில் இருந்தால் அந்த வாய் அவனுடையது. மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. மூன்று தடவை கேட்டும் பதில் வரவில்லை என்றால், செத்தவருக்கு வர விருப்பமில்லை, விட்டுவிட வேண்டும்.

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"ஒண்ணும் சொல்லலையா?"

"வாய் வரலக்கா. தலைவரு மூணு தடவ கேட்டாரு. நான் பக்கத்துலதான் நிக்கறேன், கையை நீட்டினா தொட்டுடலாம். மீன் தருவீங்களான்னு கேக்கறாரு. யாருகிட்ட? மாமாகிட்ட! என் நிச்சயத்துக்கு மீன் வேணும்னுதானே அந்த மனுஷன் போனாரு. அவருகிட்ட மறுபடியும் மீன் குடுன்னு கேட்டு, அவரு தர்றேன்னு நானே சொல்லணுமாம். எப்படிக்கா சொல்வேன்?"

"அப்புறம்?"

"அப்புறம் வலையை இழுத்தோம். வலை நெறய மீனு. முந்நூறுக்கு மேல. இழுத்து முடிச்சுட்டு மறுபடி அந்த இடத்துக்குப் போனோம். பனி மூடிடுச்சு. காணலை." மீனின் மேல் கையை வைத்தான். "சொல்லாமலே குடுத்துட்டுப் போயிட்டாருக்கா."

அவனை அறைந்திருக்க வேண்டும். கை எழவில்லை. இருபத்துநான்கு வயது ஆண்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறான், நான் கெட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு அவன் மடியிலிருந்து மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.

ஓனோதேரா தன் வீட்டு முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தார். மீனை அவர் காலடியில் போட்டேன்.

"இது உங்களுது. நாளைக்குப் படகுல நானும் வரேன்."

அவர் ஊசியை நிறுத்தவில்லை. "பொம்பளை ஏறக் கூடாதும்மா. படகுத் தாய்க்கு ஆகாது, படகைக் காக்கற சாமி அவ. அதுலயும் சாவு வீட்டுப் பொம்பளை."

"சாவு வீடா? சடலம் எங்க? காட்டுங்க, சாவு வீடுன்னு ஒத்துக்கறேன்."

அவர் நூலை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"படகுத் தாயும் பொம்பளைதானே," என்றேன். "அவகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க நடுவுல வராதீங்க."

"நான் வேணும்னா விட்டேன்?" என்று குரலை உயர்த்தினார். "டோக்கி எனக்கு யாரு? எத்தனை வருஷம் என் வலையைத் தெச்சுக் குடுத்தவன். மூணாந்தடவ கேக்கறப்ப என் குரலே நடுங்கிச்சு. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? ஏழு பேரு உயிரு என் கையில இருக்கு. பதில் சொல்லாத ஆளைத் தூக்கிப் போட்டுக்கிட்டு நாளைக்கு எவனாவது ஒருத்தன் தண்ணில விழுந்தா, அவன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் வந்து பதில் சொல்றேன். ஒரு வார்த்தைதானே."

அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வார்த்தைதான்," என்றார். ஊசியை வலையில் குத்தி வைத்தார். "மூணு நாள். அதுக்கு மேல நீரோட்டம் அவனை எல்லைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் இழுத்துடும். அங்க ரஷ்யக்காரன் காவல்படகு நிக்குது. அப்புறம் என்னால மட்டுமில்ல, எந்தக் கொம்பனாலயும் முடியாது. மீனை எடுத்துட்டுப் போ."

மீனை நான் எடுக்கவில்லை.

முதல் நாள் விடியலில் ஏறினேன். படகுத் தாய்க்கு ஓனோதேரா இரண்டு மடங்கு சாக்கே மது ஊற்றினார். அவளிடம் நான் என்ன பேசினேன் என்று பிறகு மத்சுயே தோண்டித் தோண்டிக் கேட்டாள். ஒன்றும் பேசவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்பக்கம் உட்கார்ந்தேன். ஆட்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் இடத்தில் ஒரு மூட்டை இருந்தால் எப்படிச் சுற்றிப் போவார்களோ அப்படிப் போனார்கள். மிதவை வரிசையை ஒட்டி மெதுவாக இரண்டு முறை போனோம். பனி. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வலையை இழுத்தபோது பதினாறு மீன்.

இரண்டாம் நாள் ஒன்பது. பின்பக்கம் யாரோ, "பொம்பளையை ஏத்தினா இதான்," என்று முணுமுணுத்தான். என் தம்பி எழுந்து, "இன்னொரு தடவ சொல்லுடா பார்க்கலாம்," என்றான். ஓனோதேரா இரண்டு பேரையும் வாயை மூடச் சொன்னார். எனக்கு வருத்தமாகவும் இல்லை, நன்றியாகவும் இல்லை. குளிரில் கால் மரத்துப்போயிருந்தது. அது மட்டும் தெரிந்தது, அதுவும் தம்பி என் கால்மேல் ஒரு கோணிச் சாக்கைப் போர்த்தின பிறகு.

மூன்றாம் நாள் காற்று கொஞ்சம் மாறியது. பனி தண்ணீரிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. ஷிகேஜிதான் முதலில் பார்த்தான். கத்தவில்லை. என் தோளைத் தொட்டான்.

கடைசி மிதவைக்குப் பக்கத்தில். கயிற்றில் ஒரு கை மாட்டியிருந்தது. நான் பார்த்ததைச் சொல்லப்போவதில்லை. ஐம்பத்துமூன்று நாள் கடலில் இருந்த உடம்பு. முழங்கையில் சிவப்பு நூல் இருந்தது, அது போதும்.

எஞ்சினை நிறுத்தினார்கள். இடப்பக்கமாகப் படகைக் கொண்டு வந்தார்கள். எபிசுவை இடப்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஓனோதேரா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எபிசு ஐயா, எங்களுக்கு மீன் தருவீங்களா? தந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

நான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை. மூன்று நாளாக அதை மடியில் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

அந்த ஏப்ரல் காலைதான் கண்முன் வந்தது. அவர் அடுப்படியில் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். "காத்து இன்னும் அடங்கலை இசோ, நாளைக்குப் போறேனே," என்றார். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எல்லாத்துக்கும் நாளைக்குத்தான்! பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி என் தம்பி தலைகுனிஞ்சு நிக்கணுமா? மீன் கொண்டு வருவீங்களா மாட்டீங்களா?" என்று கேட்டேன். "கொண்டு வரேன், கொண்டு வரேன்," என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

"எபிசு ஐயா, எங்களுக்கு மீன் தருவீங்களா?"

இரண்டாவது தடவை. எனக்குக் கோபம் வந்தது. ஐம்பது நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வந்தது. இன்னும் எத்தனை தடவைதான் இந்த மனுஷனிடம் கேட்பீர்கள்? கேட்டுக் கேட்டுத்தானே கொன்றோம். செத்த பிறகுமா? வாயெல்லாம் உப்பாக இருந்தது. ஷிகேஜி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் ஏன் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் காதால் கேட்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஓனோதேரா மூன்றாவது தடவை உடனே கேட்கவில்லை. தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். அலை ஒன்று வந்து என் வீட்டுக்காரர் கையைக் கயிற்றிலிருந்து கழற்றியது. உடம்பு படகிலிருந்து ஒரு முழம் விலகியது. பிறகு இன்னொரு முழம். பதில் வராமல் ஒருவரும் தொடக் கூடாது.

"எபிசு ஐயா," என்றார் ஓனோதேரா. குரல் கெஞ்சியது. "எங்களுக்கு மீன் தருவீங்களா?"

"தர்றேன்," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லையோ என்று நினைத்துக் கத்தினேன். "தர்றேன்! தர்றேன்னு சொல்லியாச்சு! தூக்குங்க!"

மற்ற ஆறு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஷிகேஜி இடுப்பளவு தண்ணீருக்குள் தொங்கினான். அவன் பெல்ட்டை ஒருவன் பிடித்துக்கொண்டான். பாயை விரித்து அவரைக் கிடத்தினார்கள், மேலே இன்னொரு பாயைப் போட்டு மூடினார்கள். ஓனோதேரா கைகூப்பினார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "இழுக்கணும்மா," என்றார். முறை அதுதான். தருகிறேன் என்று சொன்ன பிறகு போய் வாங்கிக்கொள்ளாவிட்டால் அவரை அவமதித்த மாதிரி.

வலையை இழுத்தார்கள். எண்பது மீன் இருக்கும். பெரிய வரும்படி இல்லை. ஆனால் இரண்டு நாள் கிட்டத்தட்ட வெறுங்கையோடு திரும்பிய ஆட்கள். கை கனத்ததும் அவர்களை அறியாமல் இழுப்புப் பாட்டு வாயில் வந்துவிட்டது. ஒருவன் எடுக்க மற்றவன் வாங்கிப் பாடினான். ஒருவன் சிரித்தேவிட்டான், பிறகு என்னைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். "பாடுங்க," என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். டோக்கிஷிராசுகள் வெள்ளி வெள்ளியாகக் கொட்டின. துள்ளித் துள்ளிப் பாய் வரைக்கும் வந்தன. ஒன்று அவர் கால்மாட்டில் கிடந்து வாலால் அடித்துக்கொண்டே இருந்தது. நான் அதை எடுத்துக் குவியலில் போட்டேன்.

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பாயின் மேல் கையை வைத்தேன். பாய் நனைந்திருந்தது. அழுகை அப்போதும் வரவில்லை. அவர் காது இருக்கும் பக்கமாகக் குனிந்தேன்.

"குடுத்துட்டீங்க," என்றேன். "போதும். இனிமே உங்ககிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நானும் கேக்க மாட்டேன்."